பத்தில் நான்கு போக

ரெட்டியார்பாளையத்தை ஒட்டிய ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு நான் ஆசிரியராக இருந்த ஆண்டு அது. நாள், நேரம், வந்தவர், போனவர் எல்லாவற்றையும் எழுதிவைக்கிற பழக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. ஆகவே இதில் ஞாபகப் பிசகு அதிகம் இருக்காது. இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று சில நாள் தோன்றும்.

கரும்பலகையில் போட்ட கணக்கு என் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அதனால் ஆனி மாதம் தொடங்கி, செவ்வாயும் வெள்ளியும் வேகவைத்த மல்லாட்டை வாங்கிப் போனேன். வெளியூரில் நிலக்கடலை என்பார்கள். பத்தை எடுத்து வை, மூன்றைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு, மீதி எத்தனை? விடை சரியென்றால் எண்ணியதைத் தின்னலாம். இதுதான் விதி. மூன்று வாரத்தில் கழித்தல் தெரியாத பிள்ளை வகுப்பில் இல்லை. "உங்க கிளாஸ்ல பாடம் நடக்குதா, பந்தி நடக்குதா?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கேட்பார். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது.

ஆடிப்பட்டம் வந்ததும் விதைக்க நினைத்தேன். பள்ளிக்குப் பின்புறம் கையகல நிலம் இருந்தது. குழிக்கு இரண்டு விதை, ஆளுக்கு ஐந்து குழி. இரண்டாம் வாய்ப்பாடு மண்ணிலேயே வந்துவிடும். என் மாணவன் ஒருவனின் அப்பா ஊரில் பயிர் வைத்துக்கொண்டே டவுனில் கட்டட வேலைக்கும் போகிறவர். விதைத்தது போக மிஞ்சிய மல்லாட்டைப் பருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். சிவப்புப் பொடி பூசிய பருப்பு. புழுவுக்கு மருந்தும் கலந்திருந்தது. "கொஞ்சம் தூக்கலாவே கலந்துட்டேன் சார். பசங்க வாயில வெச்சிக்கப் போவுது, பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். வகுப்பில் பத்தொன்பது பேர். இருநூறு பருப்பை எண்ணி ஒரு டப்பாவில் போட்டேன். ஆளுக்குப் பத்து கொடுத்தால் பத்து மிஞ்ச வேண்டும். ஆடி முதல் வெள்ளி காலை ஒன்பதரைக்கு, வந்திருந்த பதினெட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி, இது தின்கிற மல்லாட்டை இல்லை, விஷம், விதைத்ததும் கை கழுவ வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அவர்களையும் திருப்பிச் சொல்லவைத்தேன்.

பத்தொன்பதாவது பிள்ளை தாமதமாக வந்தாள். அம்மாவோடு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நெற்றியிலும் விரலிலும் குங்குமம். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 9.55 என்று எழுதினேன். பத்துப் பருப்பை எண்ணி அவள் கையில் போட்டு, கடைசி வரிசையைக் காட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் அவள் உதட்டில் சிவப்பைப் பார்த்தேன். குங்கும விரலை வாயில் வைத்திருக்கிறாள் என்று எண்ணி, கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். எச்சில் நிற்காமல் வழிந்தது. வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலைமையாசிரியை அவளை மடியில் கிடத்திக்கொண்டு ஆட்டோவில் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். மற்ற பிள்ளைகளை விட்டு நகரக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிருந்து போன் வந்தது. என்ன மருந்து, எத்தனை பருப்பு தின்றாள் என்று டாக்டர் கேட்டார். விதை கொடுத்தவரைப் போனில் பிடித்து, மருந்தின் பெயரை வாங்கிச் சொன்னேன். பிறகு கடைசி வரிசைக்குப் போனேன். ஐந்து குழி தோண்டியிருந்தாள், இரண்டுதான் மூடியிருந்தது, மற்ற மூன்றும் காலி. விரலால் கிளறினேன். ஒன்றில் இரண்டு, மற்றதில் இரண்டு. டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். மிஞ்ச வேண்டிய பத்தும் இருந்தது. பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பழக்கத்தில் இரண்டு மூன்று குரல்கள், "ஆறு சார்" என்றன.

ஆறு என்று டாக்டரிடம் சொன்னேன்.

மூன்று நாள் குழாய் வழியாகத்தான் அவளுக்கு மூச்சு. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று பஸ்ஸில் வந்து இறங்கியவர்களின் கூட்டத்தோடு நானும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா எனக்கு நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மதியம்தான் பேசினார். குரல் உயரவில்லை.

"சரியா எண்ணுனா திங்கலாம்னு சார் சொன்னாருன்னு வீட்ல வந்து தெனம் சொல்லும். அது சரியாத்தான் சார் எண்ணியிருக்கு."

தாமதமாக வந்ததால் அவளுக்கு மட்டும் எச்சரிக்கை சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன்.

"கோயிலுக்கு இட்டுக்கினு போனது நான்தானே" என்றார்.

அதை அங்கேயே மறுத்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் பதிவேட்டைக் காட்டி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். தண்டனை கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, அம்மா அவளை அழைத்துக்கொண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். பிள்ளை மிகவும் இளைத்திருந்தாள். எழுதும்போது கை நடுங்குகிறது என்றார் அம்மா. அவர் தலைமையாசிரியையின் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளை பள்ளிக்குப் பின்புறம் போய் நின்றாள். நானும் போனேன். விதைத்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது.

"என்னுது மொளைச்சிதா சார்?"

எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டோம் என்றேன்.

"மத்தவங்களுதுமா?"

"ஆமாம்மா."

"அவங்கல்லாம் சரியாத்தான சார் போட்டாங்க."

நீயும் தப்பு செய்யவில்லை, உன்னிடம் சொல்லாமல் விட்ட தப்பு என்னுடையது என்றேன். தலையை ஆட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. அம்மா கூப்பிட்டதும் போய்விட்டாள்.