அடுக்களையை விழுங்கிய கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை குன்னத்துகாலில் ஒரு புது வீட்டு விருந்து. வீட்டுக்காரர் தங்கராஜ், பிளைவுட் கடைக்காரர். அவர் மனைவி ரெஜினா வாசலிலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாடா! ஆறு மாதத்துக்கு முன்னால் என் கம்ப்யூட்டரை உடைக்க வந்தவர் அவர்.

நெய்யாற்றின்கரையில் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ‘கட்டுவதற்கு முன்பே வீட்டைத் திரையில் காட்டுகிறேன்’ என்று அவர்களிடம் வாயைக் கொடுத்தது நான்தான்.

முதல் படம் வெறும் கோடுகள். முன்சுவரைத் தாண்டி அடுக்களை, கக்கூஸ் எல்லாம் தெரிந்தன.

“சாரே, ரோட்டுல போறவனெல்லாம் பாப்பானே!” — தங்கராஜ் பதறினார்.

நியாயம்தானே? எது முன்னால், எது பின்னால் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தூரத்தில் இருப்பதை முதலில் வரை, கிட்டே இருப்பதை அதன்மேல் பூசு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு புரோகிராம் எழுதினேன். வந்ததே ஜம்மென்று ஒரு வீடு! முன்னால் உட்கார்ந்து காற்று வாங்கும் சிட்-அவுட், இரண்டு தூண், கதவு.

ரெஜினா உற்றுப் பார்த்தார்.

“மக்கா, எனக்க அடுக்களை எங்க?”

“பின்னால உண்டு அக்கா. முன்சுவர் மறைக்குது.”

“போன வாரம் தெரிஞ்சுதே?”

அவ்வளவுதான். கணவர் பக்கம் திரும்பினார். “அடுக்களை சின்னதா போதும்னு அன்னைக்கே சொன்னியளே... இவனைப் பிடிச்சு எடுத்துக் களைஞ்சாச்சு, இல்லியா?”

பதினெட்டு வருடம் புகையில் நின்று சமைத்தவர். ஜன்னல் வைத்த பெரிய அடுக்களை அவர் சண்டை போட்டு வாங்கியது. கோபம் வராதா? மறுநாள் காலை அஸ்திவாரக் கல்லிடும் ஜெபம் வேறு.

“அடுக்களை வராம நான் ஜெபத்துக்கு வரமாட்டேன் ஆக்கும்!” என்று கம்ப்யூட்டர்மேல் கையை ஓங்கினார்.

அவசரமாக வீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் முன்னால் வந்தது. அடுக்களை, ஜன்னல், புகைக்கூண்டு! ரெஜினா குளிர்ந்துவிட்டார். இப்போது தங்கராஜ் அலறினார்.

“சாரே, எனக்க சிட்-அவுட்டு எங்க?”

இரண்டையும் பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினேன். ஜெபம் நடந்தது. எனக்கு உயிர் வந்தது.

சனிக்கிழமை அந்த வீட்டு ஹாலில், கண்ணாடி பிரேமுக்குள் நான் கொடுத்த படம் தொங்கியது. அடுக்களை மட்டும்!

“அண்ணே, உங்க சிட்-அவுட்டு படம்?” என்று காதோரம் கேட்டேன்.

“அதுக்குப் பின்னால உண்டு சாரே” என்றார், பாவம்.

முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்க நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமை, ரெஜினா அக்கா ஒரே ஆணியில் முடித்துவிட்டார்!