இருபத்தைந்தாம் தேதிக்கு வாங்கிய லீவு

அந்த வெளிநாட்டு ஊரில் டிசம்பர் இருபத்தைந்துக்கு இருபத்துநான்கைவிடக் கூடுதலாக ஒரு மவுசும் கிடையாது. கடை திறக்கும், பள்ளிக்கூடம் நடக்கும், பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் அழுக்கு விரிப்புகள் வழக்கம்போல வந்து குவியும். வெளுத்த விரிப்பைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் மொறுமொறுவென்று வருவதை மடித்து அடுக்குவது இஸ்திரி அக்காவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அதைச் சீண்டுவதில்லை.

குடும்பத்தை விட்டு அவள் வந்து மூன்று வருஷம். மகளை நாத்தனார் வளர்த்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் "இதோ வரேன்டா செல்லம்" என்று சொல்லி, போகாமலேயே இருந்து, பெற்ற பிள்ளையிடமே பொய்க்காரி என்று பேர் வாங்கியாகிவிட்டது. கடைசியில் இந்த வருஷம் புருஷனும் மகளும் இங்கே வருவதாக முடிவானது. இந்த ஒரு கிறிஸ்துமஸையாவது சொன்னபடி நடத்திக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை தனக்கு இல்லை என்று அவள் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பயம் வீண் பயமும் அல்ல.

வேலையிடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வார விடுமுறையை விட்டுக்கொடுத்து உழைத்தால், அந்த நாட்களைச் சேர்த்துவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அவள் வருஷம் முழுக்க விட்டுக்கொடுத்தாள். சர்ச் நடப்பதோ அந்த விடுமுறை நாளில்தான். ஆனால் புருஷன் போனில் "சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வருமா? போனேன் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாஸ்டரம்மா உன்னக் கேட்டாங்கடி. நீ வந்து பாடுறதுக்கு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்று மகளிடமும் அள்ளிவிட்டாள். குழந்தை அதை அப்படியே நம்பி, அத்தையிடம் ஒரு பாட்டை உருப்போட்டுக்கொண்டு விமானம் ஏறியது.

வந்த அன்றைக்கே அம்மா தங்கியிருந்த அறையின் இரண்டு கட்டிலையும் பார்த்துவிட்டு அப்பா பக்கம் ஒண்டிக்கொண்டது. தலைவார அம்மா சீப்பை எடுத்தால், "அப்பாவே வாருவாரு" என்றது. அப்பா வாரிய லட்சணம் கோணல் வகிடு. இருந்தும் அதுதான் வேண்டும்.

"பாட்ட எனக்குக் கொஞ்சம் பாடிக் காட்டேன்" என்று கெஞ்சினாள்.

"சர்ச்லதான் பாடுவேன். அப்பக் கேளுங்க."

சூப்பர்வைசர் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். இருபத்தைந்தாம் தேதி லீவு வேண்டுமென்றால், அதற்கு முந்தின வார விடுமுறையில் அவள் வந்தே தீரவேண்டும். சரியென்று தலையாட்டினாள். அன்று காலை அவள் கிளம்பும்போது புருஷன், "நாங்க ரெண்டு பேரும் சர்ச்சுக்குப் போயிட்டு வரட்டுமா? சும்மாதானே இருக்கோம்" என்றார்.

இவள் மூஞ்சியை அங்கே யாருக்கும் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே. "வழி தெரியாம அலைவீங்க. இன்னும் மூணு நாள்தான? கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் சேந்து போவோம்" என்று சமாளித்தாள்.

இருபத்தைந்தாம் தேதி விடிந்தது. மகளுக்குச் சரிகை வைத்த வெள்ளைக் கவுன், அவருக்கு மடிப்புக் கலையாத சட்டை, அவளுக்குப் பட்டுப்புடவை. வேலைக்குப் போகிற கூட்டம் சாப்பாட்டுப் பையும் தூக்கக் கலக்கமுமாக நெருக்கிக்கொண்டிருந்த பஸ்ஸில், கல்யாண வீட்டுக்கு வழி தவறியவர்களைப்போல மூவரும் நின்றார்கள். குழந்தை மட்டும் உதட்டை அசைத்துப் பாட்டை ஒப்பித்துக்கொண்டே வந்தது.

சர்ச் என்பது வாடகைக் கூடம். ஒரு கடைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. படி ஏறிப் பார்த்தால், உள்ளே யாரோ கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டியூஷன் வகுப்பு. வெளியே ஏணிமேல் நின்று காகித நட்சத்திரங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தவர், தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினார். சபைக்கு எடுபிடி வேலை எல்லாம் செய்பவர் அவர்.

"ஆராதனை எத்தன மணிக்குங்க?" என்று புருஷன் கேட்டார்.

"கிறிஸ்துமஸ் ஆராதனையா? அது போன லீவு நாள்லயே முடிஞ்சுடுச்சே. இங்க எப்பவும் அப்படித்தான். வேலை நாள்ல யாரு வர முடியும்?" அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா ஊருக்குப் புதுசா?"

இந்த ஊருக்கு வந்த வருஷம் அவளும் இங்கே ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தவள்தான். அந்த வருஷம் இருபத்தைந்தாம் தேதி விடுமுறை நாளிலேயே விழுந்தது. அதை வைத்து, எப்போதும் இருபத்தைந்துதான் என்று இருந்துவிட்டாள். நடுவில் ஒரு வாரம் எட்டிப் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

புருஷன் குரலை உயர்த்தவில்லை. "வாராவாரம் வந்தேன்னியே."

"உங்க கூட இருக்கத்தாங்க ஒவ்வொரு லீவையும் சேத்து வெச்சேன். சத்தியமா, வேற எதுக்கும் இல்ல."

"அன்னிக்கு நான் கூப்பிட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவள் அவசரமாக ஏணிப் பக்கம் திரும்பினாள். ஏணிக்காரரின் காலில் விழாத குறையாக, "அஞ்சு நிமிஷம் உள்ள விடச் சொல்லுங்கண்ணே, குழந்த ஒரு பாட்டு பாடிட்டு வந்துடும்" என்று கெஞ்சினாள். அவர் பாவம், உள்ளே போய்க் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தார். அவள் படியிலேயே மண்டியிட்டாள். பட்டுப்புடவை அழுக்கானால் ஆகட்டும். "இங்கயே பாடுடா கண்ணு. அம்மா கேக்குறேன். அம்மாவுக்குப் பாடு."

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. மூடிய கதவைப் பார்த்தது. "பாஸ்டரம்மா என்னக் கேக்கவே இல்லையா?"

இல்லை என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்று வருஷத்தில் மகளிடம் அவள் சொன்ன முதல் நிஜம் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது பஸ் காலியாக இருந்தது. அப்பாவும் மகளும் முன் இருக்கையில், அவள் அவர்களுக்குப் பின்னால். அப்பாவின் போன் அடித்தது. நாத்தனார். குழந்தை அதைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "அத்தை, உனக்குப் பாடட்டுமா?" என்றது. பதிலுக்குக்கூடக் காத்திராமல் பாட ஆரம்பித்தது. மூன்று சரணம். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மகளுக்கு இத்தனை நல்ல குரல் என்று தாய்க்காரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுதால் சத்தம் கேட்டுப் பாட்டை நிறுத்திவிடுமோ என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டாள்.

பாட்டு முடிந்ததும் போனில் நாத்தனார் ஏதோ கேட்டாள். குழந்தை திரும்பி, பின் இருக்கையில் இருந்தவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தது.

"அம்மாவா? அவங்க இல்ல அத்தை. வேலைக்குப் போயிருக்காங்க" என்றது.