மூன்றாம் அறையின் நீல ஜாடி

2014 நவம்பர் 19, புதன்கிழமை, பிற்பகல் இரண்டேகால். விடாத தூறல். இதில் ஒரு சொல்லும் கற்பனையன்று; நம்பாதவர்களோடு எனக்கு வழக்குமில்லை.

பீங்கான் கலங்களும் பழைய மரச்சாமான்களும் வைத்திருந்த அந்தச் சிறிய அருங்காட்சியகத்தின் காப்பாளர் என் அக்காவின் கணவர். அக்கா நிர்வாகக் குழுத் தலைவி. உடைந்த பீங்கானை ஒட்டிச் சீராக்குவது என் தொழில். அங்கே நிரந்தர வேலை கிடைக்குமென்று கடையைக்கூட மூடிவிட்டிருந்தேன்.

"வேலை உனக்குத்தான் மாப்ள. எல்லாத்தையும் கையில எடுத்துப் பாரு. நாற்காலியில மட்டும் உட்காந்துடாத, உன் எடைக்கு அது தாங்காது."

"இந்த வேலைய பார்த்த பழைய ஆள் எங்க அத்தான்?"

"வேற ஊருக்குப் போயிட்டான்."

மூன்றாம் அறையில் நான் மட்டுமே இருந்தேன். யாரும் அமராதிருக்க, நாற்காலிகளின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். சன்னலோர நாற்காலியில் மட்டும் கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது. அதன் மெத்தை குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே... மெல்ல மேலெழும்பியது. யாரோ எழுந்துகொண்டதைப்போல.

பின்னர் அந்த ஓசை.

டிங்... டிங்... டிங்...

விரற்கணுவால் பீங்கானைத் தட்டும் ஓசை. முழுக் கலம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது ஒலிக்காது. எங்கள் தொழிலில் முதற்பாடம் அது. ஓசை அலமாரியோடு நகர்ந்து வந்தது. தட்டும் கையைத்தான் காணோம்.

டிங்... டிங்...

டொக்.

நீல ஜாடி.

அவ்வொலி கேட்டால் கலத்தை இரு கைகளாலும் அணைத்துக்கொள்வோம். பழக்கம். யோசிக்காமல் அணைத்தேன்.

டொக். இம்முறை ஜாடிக்கு உள்ளிருந்து.

என் கைகளுக்குள்ளேயே அது துண்டு துண்டாயிற்று. விளிம்பெங்கும் மஞ்சள் பசை. முன்பே உடைந்ததை எவரோ அவசரமாக ஒட்டியிருக்கிறார்.

மூடிய கதவுக்கு வெளியே அத்தானின் குரல்.

"என்ன மாப்ள, நீல ஜாடிய உடைச்சிட்டியா?"

அவர் இன்னும் உள்ளே வரவில்லை.

வந்ததும் பசையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"குடும்பத்துக்குள்ள எதுக்குப் பேச்சு? குழு முடிவு பண்ணட்டும்."

மறுவாரம் முடிவை வாங்கப் போனேன். உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாயிற்காவலர் தயங்கினார்.

"வாங்கினதும் நேரா வீட்டுக்குப் போயிடுங்க சார்."

"ஏன்?"

"அந்த ஜாடிய உடைச்சது காப்பாளர்தான்னு பழைய ஆள் சொன்னாரு. பொய் சொல்றாருன்னு வேலைய விட்டு எடுத்தாங்க. கடுதாசிய வாங்கிட்டு மூணாவது ரூமுக்குப் போனாரு. சாயங்காலம் பூட்டப் போனப்பதான் பார்த்தோம்... உடம்பு சில்லுன்னு இருந்துச்சு."

பிறகு உறையை நீட்டினார்.

குழுவின் முடிவு: ஜாடியை உடைத்தவன் நானே. எனக்கு அங்கு வேலையில்லை. கீழே, அவசரமேயில்லாத அழகிய கையெழுத்தில், அக்காவின் ஒப்பம்.