கிராங்க் ஷாஃப்டில் தெரிந்த கோடு

திருவானைக்காவல் டாக்டரம்மாவின் காரைக் கயிறு கட்டி எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். நானும் என் மனைவியின் அண்ணனும் பாலக்கரையில் சேர்ந்து நடத்திய பட்டறை அது. கார் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது, சீமையில் செய்தது. லால்குடி சாலையில் கல் தட்டி இன்ஜினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த்தொட்டி ஓட்டையாகியிருக்கிறது. எண்ணெய் ஒழுகிப்போனது தெரியாமல் அந்தம்மா மேலும் இரண்டு மைல் ஓட்டியிருக்கிறார். உள்ளே பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று முறிந்து, இன்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பத்து நாள்ல கொடுத்துடுவீங்களா? கிராமத்துல மூணு பேருக்கு மாசம் நெருங்கிடுச்சு," என்றார்.

யோசிக்காமல் சரியென்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் கழற்றிக் கோணியில் பரப்பினோம். சுவரின் ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துவிடலாம். வால்வுகளைத் தேய்த்தால் போதும். மிச்சமிருந்த மூன்று ராடுகளும் பார்வைக்கு நேராக இருந்தாலும் சூடு கண்டவை என்பதால் ஒதுக்கினோம். மதராஸில் புது ராடுகள் கிடைத்தன. கிராங்க் ஷாஃப்ட் மட்டும் கிடைக்கவில்லை. பிஸ்டன்கள் அத்தனையின் அடியையும் வாங்கிக்கொண்டு சுழலும் தண்டு அது. ஓட்டத்தில் முறிந்தால் இன்ஜினே சிதறும். பம்பாயிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

மச்சான் பழைய தண்டைக் கெரசினில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் பொடி பூசினார். மரச்சுத்தியால் மெல்லத் தட்டிவிட்டுக் குனிந்தவர் நிமிரவில்லை.

"இங்க பாருங்க மாப்ள."

வெள்ளைப் பொடியில் தலைமுடி போல ஈரக்கோடு ஒன்று ஊறி வந்திருந்தது. நீளம் நகத்தின் அகலம்கூட இல்லை.

"கீறலா இருக்கும்," என்றேன்.

"வெறும் கீறல்லேர்ந்து கெரசின் கசியுமா? உள்ள வெடிச்சிருக்கு. வேணாம். டாக்டரம்மாகிட்ட சொல்லிடுவோம்."

அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே மறுபடி சோதித்தேன். கெரசினில் ஊறவைக்காமல், துடைத்துவிட்டுப் பொடியை மட்டும் பூசினேன். கோடு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "பாருங்க, ஒண்ணுமில்ல," என்று அவரிடம் காட்டினேன். மச்சான் என் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் கார் போனது. அதிலிருந்து பட்டறை வாசலில் யார் சைக்கிளை விட்டு இறங்கினாலும், தண்டு முறிந்த செய்தியோடுதான் வருகிறார் என்று எழுந்து நிற்பேன். காவிரிப் பாலத்தில் ஒரு நாள் அந்தக் கார் என்னைக் கடந்தது. பின் சீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி சாய்ந்திருந்தாள். டாக்டரம்மா சிரித்துக் கையசைத்தார். என்னால் பதிலுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

ஆறாவது வாரம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "நாலு நாளா அடியில ஒரு முனகல் கேக்குது. நீங்க நல்லாப் பண்ணின வேலையாச்சேன்னு ஓட்டிட்டிருக்கேன்."

"இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்கம்மா," என்றேன்.

மாட்டை வைத்து இழுத்து வந்து மறுநாள் அவர் முன்னாலேயே பிரித்தோம். வெடிப்பு தண்டைப் பாதி சுற்றியிருந்தது. பொடியே தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்குத் தெரிந்தது.

"தண்டை மாட்டும்போதே இது தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "எனக்குத் தெரியும்மா. அவர் வேணாம்னுதான் சொன்னாரு."

"முந்தாநாள் இதுல ஒரு தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டு வந்தேன்," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பம்பாய்த் தண்டு வரும்வரை மூன்று மாதம் லால்குடி பஸ்ஸில்தான் பிரசவம் பார்க்கப் போனார். தண்டு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், அதை எடுத்துப்போய் மாட்ட மச்சானை மட்டும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.