கோபுரத்துக்கு மூன்றாவது வலம்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மில்லுக்காரவியகிட்ட வண்டி ஓட்டுதாங்க" என்பாள் என் மனைவி. பொய்யில்லை. வண்டிக்கு இறக்கை உண்டு, நான்கு இருக்கை, ஒரே ஒரு இன்ஜின். மதுரை விமான நிலையத்தில் நிற்கும். முதலாளி ராஜபாளையத்துக்காரர், எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் பிடித்து மதுரைக்குப் போய், அவரை அங்கே இங்கே கொண்டுபோய்க் கொண்டுவந்து, மறுபடி பஸ்ஸில் வீடு. வயது ஐம்பத்து மூன்று. பறக்கும் நேரத்தைவிட இறக்கை நிழலில் காத்துக்கிடக்கும் நேரம்தான் அதிகம். இடுப்பு விட்டுப்போயிற்று.

அன்று தூத்துக்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. காற்றே ஈரத் துணி மாதிரி இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கேப்டன், அப்படியே ஆண்டாளைப் பாத்துட்டுப் போயிருவோம். மூணு சுத்து" என்றார் முதலாளி.

வழக்கம்தான். கோயில் கோபுரம் எங்களுக்கு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், வலமாகத்தான் சுற்ற வேண்டும். வலது இருக்கையில் இருக்கும் அவருக்குக் கோபுரம். இடது இருக்கையில் இருக்கும் எனக்குத் தென்னந்தோப்பும் மலையும். நிதானமாகத் தரிசிக்க வேண்டுமென்று வேகத்தைக் குறைக்கச் சொல்வார். சுற்ற ஆரம்பித்ததும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். இதற்கு எதற்கு இத்தனை பெட்ரோல் என்று நான் கேட்டதில்லை.

இந்த மாதிரி இன்ஜினில் ஒரு சங்கடம் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடம் சில்லிட்டுப்போகும். காற்றில் ஈரம் மிகுந்திருந்து, இன்ஜினையும் குறைத்து வைத்தால், வெளியே வெயிலடித்தாலும் உள்ளே ஐஸ் பிடித்துத் தொண்டையை அடைத்துவிடும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் இருக்கிறது, இழுத்தால் போதும். பயிற்சியில் படித்ததுதான். ஆனால் இந்தப் பக்கத்து வெயிலில் இருபது வருஷம் காய்ந்தவனுக்கு அது ஏதோ குளிர்தேசத்துப் பாடம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இரண்டாவது சுற்றில் இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் மெல்ல இறங்கியது. கொஞ்சம் கூட்டி வைத்தேன். மறுபடி இறங்கியது. மூன்றாவது சுற்றில் ஊருக்குத் தெற்கே வந்து மலையைப் பார்த்துப் போகும்போது இன்ஜின் குலுங்கிற்று. உயரம் இழந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் திறந்த தரிசு நிலம்; இன்ஜின் நின்றாலும் எப்படியாவது இறக்கிவிடலாம். வலப்பக்கம் போனால் மலையடிவாரம், தோப்புக்குமேல் தோப்பு. இறங்க ஓர் இடம் கிடையாது.

வலப்பக்கம்தான் திருப்பினேன்.

பாதி வலத்தில் முறிக்கக் கூடாது, இடமாகத் திரும்பக் கூடாது என்று கைக்குப் பட்டுவிட்டது. நானும் அந்தக் கோயில் தேரடியில் பிறந்தவன்தானே.

தென்னை மட்டைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் குமிழின் நினைவு வந்தது. இழுத்தேன். உருகிய தண்ணீர் உள்ளே போனதும் இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமியது. குமிழைத் திரும்பத் தள்ளிவிடத்தான் கை துடித்தது. பிடித்துக்கொண்டேன்.

முதலாளி கண்ணைத் திறந்தார். "என்ன கேப்டன், வண்டி இருமுது?"

"ஐஸுங்க."

"ஐஸா?" அவருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் இன்ஜின் தெளிந்துவிட்டது. நேராக மதுரைக்குத் திருப்பினேன்.

வீட்டில் சொன்னேன். "இந்த வேக்காட்டுல ஐஸா? குச்சி ஐஸா, பால் ஐஸா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "தரிசுப் பக்கம் திரும்பியிருக்கலாம்லா? அவியதான் விடலையாக்கும்?"

"ம்" என்றேன். களைப்பு.

"மூணு சுத்து, மூணு சுத்துன்னு உசுர வாங்குதாவ" என்று அவரைத் திட்டிக்கொண்டே சாப்பாடு போட்டாள். எம்புட்டுத் திட்டினாளோ, அம்புட்டும் எனக்குச் சேர வேண்டியது.

மறுநாள் காலை முதலாளியே போன் செய்தார். மெக்கானிக்கிடம் ஐஸ் விவரமெல்லாம் விசாரித்திருக்கிறார்.

"கேப்டன், தப்பு என் மேலதான். என் பேச்சுக்காவத்தான நீங்க வலத்த முறிக்கல? நான் கண்ணைத் தொறந்திருந்தா, சாமியாவது ஒண்ணாவது, இடப்பக்கம் திருப்புங்கன்னு நானே சொல்லியிருப்பேன். உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லுங்க, மன்னிச்சுக்கிடச் சொல்லி."

போனில் அவர் சொன்னதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் மனைவி.

"பரவாயில்லைங்க முதலாளி" என்றேன்.