பின் சீட்டில் அத்தை

என் மகளுக்குப் புத்தி சொல்லித் தர ஆளாளுக்கு வருகிறார்கள். "யாருகிட்ட வேணும்னாலும் போய் ஒட்டிக்குது, கண்டிச்சு வையம்மா" என்கிறார்கள். நான் கண்டிப்பதில்லை. இனியும் கண்டிக்க மாட்டேன். போன சித்திரையில் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

அப்போது அவளுக்கு நாலு வயசு. நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்காக நான், என் வீட்டுக்காரர், மாமனார், மகள் நாலு பேரும் செம்மேட்டில் பஸ் ஏறினோம். சோளக்காட்டில் பஸ் நின்றபோது என் நாத்தனார் ஏறினாள். எங்களைப் பார்த்ததும் படியிலேயே ஒரு நொடி நின்றுவிட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டிக் கடைசி சீட்டுக்குப் போனாள்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அடித்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாசம் இருந்தாள். "திரும்பிப் போய் வாழு, இல்லாட்டி எனக்குப் பொண்ணே இல்ல" என்றார் மாமனார். அவள் போகவில்லை. சோளக்காட்டில் ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்து, பழக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதோடு எங்கள் வீட்டில் அவள் பேச்சே நின்றுபோனது. எட்டு மாசம் நானும் பேசவில்லை. எதிரே வந்தால் சேலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஒரு மாசமும் என் மகள் அத்தையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். அவள் எதையும் மறக்கவில்லை.

"அம்மா, அத்தை!" என்று என் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி பாரு கண்ணு."

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க ஆரம்பித்தது. ஏழெட்டு வளைவு தாண்டியதும் பின்னால் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வெளியே பார்த்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

என் மகள் என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு மடியிலிருந்து இறங்கினாள். சட்டென்று அவள் பாவாடையைப் பிடித்தேன். போகக் கூடாது என்றுதான் பிடித்தேன். அவளோ திரும்பி என்னைச் சமாதானப்படுத்தினாள்.

"உழுந்துற மாட்டேம்மா. கம்பியப் புடிச்சுக்கறேன்."

விழுந்துவிடுவாளோ என்று பயந்துதான் அம்மா பிடிக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். என்னை அவ்வளவு நல்லவளாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக விட்டுவிட்டது. எழுந்து அவளைத் தாங்கியபடி பின்னாலேயே போனேன்.

"அத்தே, இத மோந்து பாரு. சரியாப் போயிரும்" என்று பழத்தை அத்தை மூக்கருகில் நீட்டினாள். கல்யாணத்துக்கென்று உடுத்திவிட்ட புதுப் பாவாடையின் ஓரத்தால் அத்தையின் வாயைத் துடைத்தாள்.

"போ சாமி, அப்பாரு வைவாரு" என்று மாமனார் பக்கம் கண்ணைக் காட்டினாள் நாத்தனார்.

"அப்பாருக்கு வாந்தி வரலியே. உனக்குத்தான வருது."

முன்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "ஏம்மா, புள்ளயக் கூட்டிட்டு இங்க வா."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"அவ வர மாட்டாளுங்க மாமா. நானும் வரலீங்க."

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகளை எங்கள் இருவருக்கும் நடுவே இருத்திக்கொண்டேன். "தண்ணி குடி கண்ணு" என்று நாத்தனாரிடம் பாட்டிலை நீட்டினேன். எட்டு மாசத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவள் வாங்கிக் குடித்தாள். அழவில்லை. அடிவாரம் வரைக்கும் என் மகளின் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில் பஸ் நின்றபோது என் வீட்டுக்காரர் இறங்கிப் போய் ஒரு சோடா வாங்கி வந்தார். ஜன்னல் வழியாக மகள் கையில் கொடுத்து, "அத்தைக்குக் குடு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

கல்யாண வீட்டில் மாமனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "சின்னப் புள்ளய முன்னாடி உட்டு நீ வேல பாக்கறே" என்றார்.

"நான் உடலீங்க மாமா. அவளாத்தான் போனா. நானே முன்னாடி போயிருக்கோணும், போகாதது என் தப்புங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளைக் கூட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குப் போகிறேன். ஒளித்து மறைத்துப் போவதில்லை. மாமனார் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே, "போயிட்டு வாரோமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். "நீங்களும் வாங்க அப்பாரே" என்று மகள் ஒவ்வொரு தடவையும் அவர் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவர் இன்னும் வரவில்லை. வருவார் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. வந்தால் வரட்டும். எங்களுக்குப் பத்து மணி பஸ் இருக்கிறது, நாங்கள் போகிறோம்.