புது வாளி

பொது இடத்தில் குதூகலிக்கும் பிள்ளையை அடக்குவது வளர்ப்பா, என் பயமா? கண்டியில் வாங்கிய புது வாளியில், குண்டசாலை பஸ்ஸில் மகள் தாளம் போட்டாள். "சும்மா இரு, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். கையை எடுத்துவிட்டாள்.

அந்தச் சத்தம் நான் சிறுவயதில் வளர்ந்த மஹய்யாவ குடியிருப்பின் குழாயடியில் கேட்டது. தண்ணீர் வரும்வரை வரிசையில் நின்ற பெண்கள் வாளிகளைத் தட்ட, வேலைக்குப் போகும் அவசரத்திலும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா ஆடுவார். "தண்ணி வந்திருச்சுடி, ஆடினது போதும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "வரட்டும், ஓடியா போகப்போகுது?" என்று அம்மா இன்னொரு சுற்றுச் சுற்றுவார். இன்று அங்கே மாடிக் கட்டடம். நான் இப்போது குடியிருக்கும் குண்டசாலையில் பக்கத்து வீட்டாரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டில் வாளியைக் கவிழ்த்து நானே தட்டிக் காட்டினேன். மகள் அதை நிமிர்த்தி, பொம்மைகளைச் சத்தமின்றி அடுக்கினாள். இனி என்ன செய்யட்டும், சொல்லுங்களேன்.